சீனி வருத்தக்காரருக்குக் கால் எரிந்தால்: வன்னியில் இருந்துகொண்டு வைத்தியம் பார்க்கும் வழி

எனக்குச் சீனி வருத்தம் (நீரிழிவு) பிடித்து 14 வருடம். கால் எரிவு தொடங்கி நாலு வருடம். இடது காலின் சின்னவிரல் போய் ஒன்றரை வருடம். எரிவு தொடங்கியதற்கும் விரல் போனதற்கும் இடைப்பட்ட காலத்தைத்தான் நான் வீணாக்கினேன். இரவில் பாதம் தணலில் வைத்ததுபோல் எரியும். பனடோல் போட்டேன், பூச்சு மருந்து பூசினேன், ஈரத்துணி சுற்றிக்கொண்டு படுத்தேன். மாதாமாதம் கிளினிக்குக்கும் போனேன். சீனிக் குளிசையையும் பிறசர் குளிசையையும் எடுத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடித்தேன். ஒருநாளாவது செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டவில்லை. அவர்களும் கேட்கவில்லை. கடைசியில் வயல் வரம்பில் ஏறிய முள்ளு ஒன்று எனக்குத் தெரியாமலே ஐந்து நாள் உள்ளே இருந்து விரலைத் தின்றுவிட்டது.

நான் வைத்தியன் இல்லை. மாங்குளத்துக்கு உள்ளே ஒரு கிராமத்தில் கொஞ்ச வயலும் ஒரு பெட்டிக்கடையும் வைத்திருப்பவன். உங்களுக்கான மருந்தை உங்கள் டொக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். அவருக்கு முன்னால் போய் நிற்கும்வரை செய்ய வேண்டியவற்றையும், நின்றபிறகு கேட்க வேண்டியவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

1. நோவைப் பிரித்துப் பாருங்கள்

“கால் நோகுது டொக்டர்” என்று மட்டும் சொன்னால் அது வயற்காரனின் உடம்பு உளைவு மாதிரித்தான் கேட்கும். நானும் இரண்டு வருடம் அப்படித்தான் சொன்னேன். இரண்டு வருடமும் பனடோல்தான் கிடைத்தது. போக முன்னம் மூன்று, நாலு நாள் கவனித்து, கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள்.

இரண்டு பாதமும் ஒரேமாதிரி எரிகிறதா, விரல் நுனியில் தொடங்கி மேலே ஏறுகிறதா, ஊசி குத்துவதும் எறும்பு ஊர்வதும் கரண்ட் அடிப்பதுமாக இருக்கிறதா, பெட்சீற் பட்டாலே தாங்க முடியவில்லையா, இரவில்தான் கூடுகிறதா? இது பெரும்பாலும் நரம்பு நோவு. கூடின சீனி பல வருடமாக நரம்பைக் கெடுத்ததால் வருவது.

நடக்க நடக்கக் கெண்டைக்கால் இறுகிப் பிடித்து, நின்றால் சில நிமிடத்தில் விடுகிறதா? பாதம் குளிர்ந்து, தோல் பளபளத்து, முடி உதிர்ந்திருக்கிறதா? அப்படியென்றால் இரத்தக் குழாய் அடைபடுகிறது. படுத்திருக்கும்போது நொந்து, கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டால்தான் சுகம் என்றால் அடைப்பு முற்றிவிட்டது. அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்காதீர்கள். சுருட்டோ பீடியோ பிடிப்பவர்கள் இந்த இடத்தை இன்னொருமுறை வாசியுங்கள்.

காலையில் எழும்பி முதல் அடி வைக்கும்போது மட்டும் குதிக்கால் குத்தினால் அது வேறு கதை. சீனி இல்லாதவருக்கும் வரும். எல்லாப் பழியையும் சீனியில் போட வேண்டாம்.

எங்கள் பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது. 2009 வரைக்கும் நடந்த யுத்தத்தில் எத்தனையோ பேரின் காலுக்குள் செல் துண்டு கிடக்கிறது. அதுவும் நோவு தரும், நரம்பையும் தொட்டிருக்கும். டொக்டர் கேட்காவிட்டாலும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். எக்ஸ்ரே எடுத்தால் இரும்பு தெரியும். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் கட்டாயம் சொல்லவே வேண்டும், அந்த மெசினின் காந்தம் உள்ளேயிருக்கும் இரும்பை இழுக்கும். “பழைய காயம்தானே, எதுக்குச் சொல்லுவான்” என்று மறைக்கிற ஆட்களை எனக்குத் தெரியும்.

இனி முக்கியமான விசயம். எரிகிற காலுக்கு உணர்ச்சி நன்றாக இருக்கிறது என்று நினைப்போம். நானும் அப்படித்தான் நினைத்தேன். எரிகிற அதே கால் முள்ளுக் குத்தினால் உணராமலும் இருக்கும். வீட்டிலேயே பார்க்கலாம். கட்டிலில் படுத்துக் கண்ணை மூடுங்கள். வீட்டில் ஒருவர் சுட்டுவிரல் நுனியால் உங்கள் இரண்டு காலின் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் நுனிகளை ஒவ்வொன்றாக, ஓரிரு விநாடி மெல்லத் தொடட்டும். அழுத்தவோ தடவவோ கூடாது. தொட்டது தெரிந்தால் எந்தக் கால் என்று சொல்லுங்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் உங்கள் கால் உங்களுக்குச் சேதி சொல்வதை நிறுத்திவிட்டது. எனக்கு நாலு தெரியவில்லை. என் மகள் நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்தாள்.

2. இவற்றுக்குக் கிளினிக் நாளைப் பார்க்க வேண்டாம்

கீழே சொல்பவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. இரவென்றால் இரவே.

பாதத்தில் எங்காவது கறுப்போ நீலமோ பாய்ந்தால். புண் மணத்தால், சிதல் (சீழ்) வந்தால், சிவப்பு ஒவ்வொரு நாளும் பரவினால். காலில் புண்ணோடு காய்ச்சலோ நடுக்கமோ வந்தால். திடீரென்று ஒரு கால் வெளிறிக் குளிர்ந்து கடுத்தால். இந்தக் கடைசி ஒன்றுக்கு நாள்கணக்கில் இல்லை, மணிக்கணக்கில்தான் நேரம் இருக்கிறது.

இன்னொன்று, பலரும் ஏமாறுவது: காயம் ஒன்றும் இல்லை, ஆனால் ஒரு பாதம் மட்டும் வீங்கி, சிவந்து, மற்றக் காலைவிடச் சூடாக இருக்கிறது. நோவும் பெரிதாக இல்லை. சுளுக்கு என்று சொல்லி எண்ணெய் போட்டு உருவிவிடுவார்கள். சீனி வருத்தத்தில் நரம்பு செத்த காலில் எலும்பும் மூட்டும் உள்ளுக்குள் நொறுங்கத் தொடங்கும்போது இப்படி வீங்கும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில்கூடத் தெரியாமல் போகலாம். அதை உருவினாலோ நடந்தாலோ பாதத்தின் வளைவே இடிந்து, வாழ்நாள் முழுக்கக் கோணலாகிவிடும். செய்ய வேண்டியது அந்தக் காலை ஊன்றாமல் டொக்டரிடம் போவது.

வாகனம் இல்லையென்றால் 1990-க்குப் போன் அடியுங்கள். சுவசெரிய அம்புலன்சுக்குக் காசு இல்லை, தமிழில் பேசலாம். உள் ரோட்டில் இருப்பவர்கள் கோயில், பள்ளிக்கூடம், சந்தி என்று அடையாளம் சொல்லி, ஒருவரை ரோச் லைற்றோடு ரோட்டில் நிற்க விடுங்கள்.

புதிதாக ஒரு சின்னப் புண்தான், மேலே சொன்னது ஒன்றும் இல்லை என்றாலும், ஒரு நாளுக்குள் காட்டுங்கள். “ரெண்டு நாள் பாப்பம்” என்பதுதான் என் விரலின் கதை.

3. எங்கே போவது

நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதில்லை. கிட்டடி ஆஸ்பத்திரியின் ஓபிடியில் (வெளிநோயாளர் பிரிவில்) காட்டி, மெடிக்கல் கிளினிக்குக்குத் துண்டு வாங்குங்கள். எங்கள் பக்கத்தில் மாங்குளம், மல்லாவி, புதுக்குடியிருப்பு ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. அவற்றுக்கு மேலே கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைகள். அங்கேயும் முடியாததற்கு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை.

தூரத்தைப் பார்த்து இடத்தைத் தெரியுங்கள். முழுப் பரிசோதனை வருடத்தில் ஒன்று, இரண்டு தரம்தான். அதற்கு ஏ9 ரோட்டில் பஸ் ஏறி ஒரு நாளைச் செலவழிக்கலாம். மருந்து கட்டுவது கிழமையில் பலதரம். அதற்குச் சைக்கிளில் போகக்கூடிய தூரத்தில் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரிதான் சரி. நான் முதலில் மருந்து கட்டவும் பெரிய ஆஸ்பத்திரிக்கே பஸ்ஸில் போய்வந்தேன். அந்தக் காலையே ஊன்றி, பஸ்ஸில் நின்றுகொண்டு. ஆறாத புண்ணுக்கு அதுவும் ஒரு காரணம் என்று பிறகுதான் ஒரு மிஸ் (தாதி) சொன்னா. துண்டு வெட்டி வாட்டிலிருந்து வீட்டுக்கு விடும்போதே “கிட்டடி ஆஸ்பத்திரியில மருந்து கட்டக் கடிதம் தாங்கோ” என்று கேளுங்கள்.

சீனி இருக்கோ இல்லையோ என்றே தெரியாதவர்கள், 35 வயது கடந்தவர்கள், அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இருக்கும் ஆரோக்கிய வாழ்வு நிலையத்தில் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். கால் எரிவோடு போய்த்தான் தனக்குச் சீனி இருப்பதை அறிந்தவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்.

4. பையில் இருக்க வேண்டியவை

கிளினிக் கொப்பி. அடையாள அட்டை. முன்பு வாட்டில் மறித்திருந்தால் துண்டு வெட்டும்போது தந்த டயக்னோசிஸ் காட். இரத்தம் பார்த்த ரிப்போட்டுகள், பழையவையும் சேர்த்து. வெளியில் காசு கட்டிச் சனல் பண்ணி டொக்டரிடம் காட்டியிருந்தால் அந்தத் துண்டு. இப்போது போடும் எல்லாக் குளிசையும், கவரோடு. பரியாரியாரிடம் வாங்கியது, பக்கத்து வீட்டு அக்கா தந்தது எல்லாம்தான். வெட்கப்பட வேண்டாம், அதை அறியாமல் மருந்து எழுதினால் பாதிப்பு உங்களுக்குத்தான்.

எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பையில் போடுங்கள். மாரியில் என் கொப்பி நனைந்து இரண்டு வருடக் கணக்கு மையாகக் கரைந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கிளினிக் முடியவும் மகளைக் கொண்டு அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைக்கிறேன். புண் இருந்தால் அதையும் கிழமைக்கு ஒருதரம், அடி மட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். “போன கிழமையை விடப் பெருத்திட்டுது” என்று வாயால் சொல்வதைவிட அந்தப் படம் வேலை செய்யும்.

வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்கும் நாளில் எட்டு மணித்தியாலமாவது சாப்பிடாமல் இருக்க வேண்டும்; தண்ணீர் குடிக்கலாம். பொறி எங்கே என்றால், காலைக் குளிசையையோ இன்சுலினையோ வழக்கம்போல் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் பஸ் ஏறுவது. சீனி விழுந்து சந்தியில் மயங்கி விழுந்தவரைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். மருந்தைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொண்டுபோங்கள். இரத்தம் கொடுத்த பிறகு இரண்டையும் எடுங்கள். பொக்கற்றில் இரண்டு ரொபி இருக்கட்டும்.

5. கிளினிக் நாள்: செருப்பைக் கழற்றுங்கள்

விடியவே போய் இலக்கம் எடுங்கள். கொப்பி அடுக்கும் இடமும் இலக்கம் தரும் இடமும் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும், முதல்தரம் போகிறவர்கள் வரிசையில் நிற்கிற பழைய ஆட்களைக் கேளுங்கள். பிந்திப்போனால் மத்தியானம் கடக்கும், களைத்த டொக்டரிடம் இரண்டு நிமிடம்தான் கிடைக்கும்.

அந்த இரண்டு நிமிடத்துக்கு உள்ள ஒரே தந்திரம்: கதிரையில் இருக்கும்போதே செருப்பைக் கழற்றிவிடுங்கள். காலை வீட்டில் கழுவிக்கொண்டு போங்கள். சப்பாத்தும் சொக்ஸும் வேண்டாம், கழற்றவே நேரம் போகும். “டொக்டர், இரவில ரெண்டு பாதமும் எரியுது, விரல் நுனி விறைச்சுப்போச்சு, ஒருக்கால் பாருங்கோ” என்று கொப்பியில் எழுதியதைப் பார்த்துச் சொல்லுங்கள். எனக்குச் செருப்பைக் கழற்றச் சொன்ன முதல் ஆள், விரல் போன பிறகு வாட்டில் இருந்த ஒரு சின்ன வயது டொக்டர்தான். “ஐயா, இவ்வளவு நாளும் ஒருத்தரும் பாக்கேல்லையா?” என்று கேட்டார். “நானும் காட்டேல்லைத் தம்பி” என்றேன்.

டொக்டர் சிங்களவராக இருந்தால் பயப்பட வேண்டாம், மிஸ்மார் மொழிபெயர்ப்பார்கள். அவர்களுக்கும் நேரம் இல்லையென்றால் இரண்டு சொல் கைவசம் இருக்கட்டும்: விறைப்பதற்கு “ஹிரி வெட்டெனவா”, எரிவதுபோல் இருப்பதற்கு “பிச்செனவா வகே”. காலைத் தொட்டுக் காட்டிச் சொன்னால் விளங்கும்.

சரியான கால் பரிசோதனை என்றால் இவை இருக்கும். நைலோன் நூல் மாதிரி ஒரு மெல்லிய கம்பியைப் பாதத்தில் பல இடத்தில், அது வளையும்வரை தொட்டுப் பார்ப்பார்கள். வளையும்போது 10 கிராம் அழுத்தம் வரும்படி செய்தது. தட்டினால் அதிரும் கவட்டுக் கம்பி ஒன்றை எலும்பில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று கேட்பார்கள். பாதத்தின் மேலேயும் கணுக்காலுக்குப் பின்னாலும் நாடி பிடிப்பார்கள். நாடி சரியாக இல்லையென்றால் கணுக்காலிலும் கையிலும் பிறசர் எடுத்து ஒப்பிடுவார்கள். காலின் கணக்கைக் கையின் கணக்கால் பிரித்து 0.9-க்குக் கீழே வந்தால் அடைப்பு என்று அர்த்தம். நூலும் கவட்டுக் கம்பியும் கிளினிக்கில் இல்லாத நாளும் உண்டு. அப்போது “இதை எங்க செய்விக்கலாம்?” என்று கேட்டு, பதிலைக் கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது அடுத்த மாதம் வேறு டொக்டர் இருக்கும்போது செல்லாது.

இரத்தத்தில் எச்.பி.ஏ.வன்.சி. கேளுங்கள். அது கடந்த இரண்டு, மூன்று மாதச் சீனியின் சராசரி. கிளினிக்குக்கு முதல் இரண்டு நாள் பத்தியம் இருந்து ஏமாற்ற முடியாது. பலருக்கு 7 வீதத்துக்குக் கீழே என்பதே இலக்கு. வயது போனவர்களுக்கு டொக்டர் தளர்த்துவார். சிறுநீரகம் எப்படி என்று காட்டும் கிரியற்றினினும் பாருங்கள். மெற்போமின் பல வருடம் போடுபவர்கள் பி 12 விற்றமினைப் பற்றியும் கேளுங்கள். அந்தக் குளிசை நாளடைவில் பி 12-ஐக் குறைக்கும், அது குறைந்தாலும் இதே விறைப்புத்தான் வரும். இதைத் திருத்துவது சுகம். எங்கள் ஆட்களில் எத்தனை பேருக்கு யாராவது பார்த்திருப்பார்களோ!

6. நோவுக்குக் குளிசை

பனடோல் நரம்பு நோவுக்குப் பெரிதாக உதவாது. டைக்குளோபெனக் போன்றவை இன்னும் மோசம். சீனியும் பிறசரும் உள்ளவரின் சிறுநீரகத்தை அவை கெடுக்கும். வவுனியாப் பக்கத்தில் சிறுநீரக வருத்தம் என்னவென்று நாங்கள் கண்ணால் கண்டவர்கள். பெயர் எழுதாத சின்னக் கவரில் மூன்று நாலு குளிசையைச் சேர்த்துக் கட்டித் தருகிற இடத்தில் வாங்கவே வேண்டாம். அதில் ஸ்ரீரொயிட் இருந்தால் நோவு மாயமாகப் போகும், சீனி ஏறிவிடும்.

நரம்பு நோவுக்கென்று உள்ளவை வேறு: அமிற்ரிப்ரிலின், கபாபென்ரின், பிரிகபலின், டுலொக்செற்றின். வழக்கமாக ஒன்றைச் சிறிய அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவார்கள். இரண்டு கிழமைக்கு முன்னம் “வேலை செய்யேல்லை” என்று நிறுத்தாதீர்கள்.

எனக்கு இரவுக்கு அமிற்ரிப்ரிலின் 10 மில்லிகிராம் எழுதினார்கள். வீட்டுக்கு வந்த மச்சான் கவரைப் பார்த்துவிட்டு, “இது விசர்க் குளிசையெல்லோ!” என்றான். மனச்சோர்வுக்கும் கொடுக்கும் மருந்துதான். நரம்பு நோவுக்குச் சின்ன அளவில் கொடுக்கிறார்கள். அவனுடைய பேச்சைக் கேட்டு மூன்று மாதம் போடாமல் விட்டேன். அந்த மூன்று மாத நித்திரையை மச்சானிடம் கேட்க முடியாது. வாய் காயும், காலையில் மந்தமாக இருக்கும், திடீரென்று எழும்பினால் தலை சுற்றும். இருதய வருத்தம், கண்ணில் அழுத்தம், சலம் போகக் கஷ்டம் இருப்பவர்கள் முதலே சொல்ல வேண்டும். கபாபென்ரின், பிரிகபலின் இரண்டின் அளவையும் சிறுநீரகத்தைப் பொறுத்துக் குறைப்பார்கள். இந்த மருந்துகளைத் தொடங்கும் நாட்களில் உழவு மெசினும் மோட்டார் சைக்கிளும் ஓட வேண்டாம்.

இன்சுலின் தொடங்கி, கூடியிருந்த சீனி வேகமாக இறங்கினால், சிலருக்கு எரிவு கொஞ்சக் காலம் கூடும். இன்சுலினால்தான் கால் கெட்டது என்று நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாமல் போய்ச் சொல்லுங்கள்.

7. புண் வந்துவிட்டால்

மஞ்சள், கோப்பித்தூள், சாம்பல், பற்பசை ஒன்றும் வைக்காதீர்கள். சுடுதண்ணீரில் உப்புப் போட்டு ஊறவிடாதீர்கள். உணர்ச்சி இல்லாத கால் வெந்து போகும், உங்களுக்குத் தெரியாது. ஒத்தணம், சுடுதண்ணிப் போத்தல், அடுப்படியில் கால் காய்ச்சுவது எல்லாம் இதே வகை. சுத்தமான தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் மூடிக்கொண்டு போங்கள். ஏற்பு (ரெற்றனஸ்) ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று கேட்பார்கள். ஞாபகம் இல்லையென்றால் அப்படியே சொல்லுங்கள்.

புண் எலும்பைத் தொட்டிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். எலும்பில் கிருமி ஏறினால் கிழமைக்கணக்கில் மருந்து போட வேண்டும். அதைப் பாதியில் விட்டால் புண் மேலே மூடி உள்ளே ஓடும்.

மருந்தைவிடப் பெரிய விசயம் ஊன்றாமல் இருப்பது. அடிப்பாதப் புண்ணை ஒவ்வொரு அடியும் திரும்பக் கிழிக்கிறது. முழங்கால்வரை கட்டுப் போட்டு அந்த இடத்தில் பாரம் விழாமல் செய்வது உண்டு. உங்களுக்குச் சரிவருமா என்று சத்திரசிகிச்சைக் கிளினிக்கில் கேளுங்கள். அது கிடைக்காவிட்டால் ஊன்றுகோல், கதிரை, பிள்ளைகளின் உதவி. நோகாததால் நடக்கத்தான் மனம் சொல்லும். எனக்கு மருந்து கட்டிய மூன்றாம் நாளே அரிவுவெட்டு; வரம்பில் நிற்காமல் இருக்க முடியவில்லை. புண் ஆற நாலு மாதம் எடுத்தது.

8. செருப்பு

வெறும் ரப்பர் பாட்டா வேண்டாம். விரலிடுக்கில் வார் வெட்டும், நரம்பு செத்த காலில் கழன்று போனாலும் தெரியாது. பின்பக்கம் வார் உள்ள, உள்ளே மெத்தென்ற, வெளியே முள்ளு ஏறாத தடித்த அடி உள்ள செருப்பு வேண்டும். பின்னேரத்தில் வாங்குங்கள், அப்போதுதான் கால் வீங்கி உண்மையான அளவில் இருக்கும். காலைக் கடதாசியில் வைத்து வரைந்து, வெட்டிக்கொண்டு போய், செருப்புக்குள் போட்டுப் பாருங்கள். கடதாசி மடிந்தால் அந்தச் செருப்பு ஒடுக்கம். புதுச் செருப்பை முதல் நாள் அரை மணித்தியாலம்தான் போட்டு, கழற்றிச் சிவப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

போட முன்னம் ஒவ்வொரு தரமும் கவிழ்த்துத் தட்டுங்கள். என் செருப்புக்குள் இருந்து கல், ஆணி, ஒருமுறை சின்னத் தேளும் விழுந்திருக்கிறது.

செல்லிலோ மிதிவெடியிலோ ஒரு கால் போனவர்களுக்குச் சீனியும் வந்தால் இருக்கிற ஒற்றைக் காலில்தான் பாரம் முழுக்க. அந்தக் காலை இரட்டிப்பாகப் பாருங்கள். பொய்க்கால் உரசும் இடத்தையும் ஒவ்வொரு இரவும் பாருங்கள், சிவந்திருந்தால் பொய்க்காலைச் சரிசெய்விக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் இருக்கிறது. போகும்போது சீனி வருத்தம் இருப்பதைச் சொல்லுங்கள்.

9. வயலும் கோயிலும்

வயலுக்கு இறங்காமல் இருக்கச் சொல்ல எனக்கு வாய் வராது. புண்ணோ வெடிப்போ இருந்தால் மட்டும் இறங்கவே வேண்டாம். மற்ற நாளில் முழங்கால் பூட்ஸ் போடுங்கள், உள்ளே காய்ந்த சொக்ஸோடு. ஏறியதும் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடையுங்கள். சேற்றுப்புண் விரலிடுக்கில்தான் தொடங்கும், அந்த வெடிப்பு வழியாகத்தான் மற்றக் கிருமிகள் ஏறும். காலபோகத்தில் எலிக்காய்ச்சலுக்கு முற்காப்புக் குளிசை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

கோயில் இதைவிடச் சிக்கல். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வைகாசி வெயிலில் வருகிறது. மணல் சுடும். நேர்த்தி வைத்தவர்கள் வெறுங்காலோடு நடப்பார்கள். உணர்ச்சி இல்லாத காலுக்குச் சுடுமணலும் தீமிதிப்பும் ஒன்றுதான். அடுத்த நாள் பொக்குளத்தைப் பார்த்துத்தான் தெரியும். நான் இப்போது வெயில் ஏற முன்னம் போகிறேன், வாசல்வரை செருப்பு, உள்ளே தடித்த சொக்ஸ். முதல் வருடம் ஒரு பெரியவர் முறைத்துப் பார்த்தார். விரல் இல்லாத காலைக் காட்டினேன், ஒன்றும் பேசவில்லை. மடு மாதா கோயிலுக்கு நடந்து போகிறவர்களுக்கும் இதேதான்: செருப்போடு நடவுங்கள், இளைப்பாறும் ஒவ்வொரு இடத்திலும் கழற்றிப் பாருங்கள்.

இரவில் படுக்க முன்னம் ஐந்து நிமிடம். முகம் பார்க்கும் கண்ணாடியை நிலத்தில் வைத்து அடிப்பாதத்தைப் பாருங்கள். கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையைக் கூப்பிடுங்கள். வெடிப்புக்குத் தேங்காயெண்ணெய் பூசலாம், விரலிடுக்கில் மட்டும் பூசாதீர்கள். நகத்தை நேராக வெட்டுங்கள். கால் ஆணியையும் காய்ப்பையும் பிளேட்டால் செதுக்கவும் வேண்டாம், ஆணிக்கு விற்கும் பிளாஸ்ரரை ஒட்டவும் வேண்டாம். அதிலுள்ள அமிலம் நல்ல தோலையும் அரிக்கும்.

10. செலவு

அரசாங்க ஆஸ்பத்திரியில் பார்ப்பது, வாட்டில் மறிப்பது, ஒப்பரேசன், மருந்து கட்டுவது எல்லாம் இலவசம். நான் 19 நாள் வாட்டில் இருந்தேன். ஆஸ்பத்திரிக்கு ஒரு சதமும் கொடுக்கவில்லை. ஆனால் மனுசி வந்துபோன பஸ்ஸும் ஓட்டோவும், கடைச் சாப்பாடும், வயலுக்குப் பிடித்த கூலி ஆட்களும் சேர்ந்து 60,000 ரூபாவைத் தாண்டின. கடை பூட்டியிருந்த நட்டம் வேறு.

மருந்து இல்லாத மாதம் “வெளியில வாங்குங்கோ” என்று துண்டு தருவார்கள். கடையில் மருந்தின் பொதுப்பெயரைச் சொல்லி, விலை குறைந்த கொம்பனி எது என்று கேளுங்கள். நகரத்துக்குப் போகும்போது அரச ஒசுசல இருந்தால் அங்கே விலையை ஒப்பிடுங்கள். காசு போதாவிட்டால் நாள்விட்டு நாள் போடாமல், டொக்டரிடம் மாற்று மருந்து கேளுங்கள்.

சனல் பண்ணுவதென்றால் டொக்டரின் காசோடு அந்த இடத்தின் காசும் சேரும். முதலே மொத்தத்தைக் கேளுங்கள். ஒருமுறை போனால் போதும், வரும்போது அரசாங்கக் கிளினிக்குக்குக் கடிதம் வாங்கிக்கொண்டு வாருங்கள். மாதாமாதம் சனலில் பார்த்தவர் எங்கள் ஊரில் காணியை ஈடு வைத்தார்.

ஊன்றுகோல், சில்லு வண்டி தேவைப்பட்டால் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள். டொக்டரின் கடிதம், அடையாள அட்டைப் பிரதி, ஜி.எஸ்.ஸின் (கிராம அலுவலரின்) உறுதிப்படுத்தல் மூன்றையும் இரண்டு இரண்டு பிரதியாகக் கொண்டுபோங்கள், ஜி.எஸ். அலுவலகத்தில் இருக்கும் நாளை முதலே விசாரியுங்கள், நான் மூன்றுதரம் பூட்டின கதவைப் பார்த்துவிட்டு வந்தேன்.

11. அடுத்த திகதி

கால் நன்றாக இருப்பவருக்கு வருடத்துக்கு ஒருதரம் கால் பரிசோதனை. உணர்ச்சி குறைந்தோ நாடி குறைந்தோ இருந்தால் ஆறு மாதம் தொடக்கம் வருடத்துக்குள். இரண்டும் சேர்ந்திருந்தால், அல்லது ஒன்றோடு பாதமும் கோணியிருந்தால், மூன்று தொடக்கம் ஆறு மாதம். ஒருமுறை புண் வந்தவருக்கும் விரல் போனவருக்கும் ஒன்று தொடக்கம் மூன்று மாதம். அந்தப் புண் ஆறியிருந்தாலும்தான், ஏனென்றால் திரும்ப வருவது அதே ஆளுக்குத்தான். திகதியைக் கொப்பியின் முன்மட்டையில் பெரிதாக எழுதுவியுங்கள். என் கொப்பியில் அடுத்தது வருகிற செவ்வாய். இந்தமுறை வலது காலின் பெருவிரலுக்குக் கீழே ஒரு காய்ப்பு ஏறியிருக்கிறது, நோகவில்லை. அதைத்தான் முதலில் காட்டப் போகிறேன்.